மம்பட்டியோடு கொப்பியும் போகட்டும்

பாடசாலைத் தோட்டத்தில் சொல்லிக் கொடுக்க முன்வருவோருக்கான பாடம்



இந்த இதழில் நாம் பாடமாக எடுத்துக்கொண்டிருப்பது பாடசாலைத் தோட்டம். அது அதிபருடைய வேலை, ஆசிரியர்மாருடைய வேலை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்களுக்காகவே எழுதப்படுகிறது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் பள்ளிக்கூடத்துக்குப் போய், மண்ணைப் பற்றியும் செடி கொடிகளைப் பற்றியும் நமது பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுக்கக் கூடியவர்கள் ஒவ்வொரு டிவிசனிலும் இருக்கிறார்கள். அவர்கள் யார், எதைச் சொல்லிக் கொடுப்பது, எப்படிச் சொல்லிக் கொடுப்பது, எதில் கவனமாக இருப்பது என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

நாம் கேட்கும் இரண்டு பதில்கள்

இந்த விஷயத்தை லயம் லயமாகப் போய்ச் சொல்லும்போது நமக்கு இரண்டு விதமான பதில் கிடைக்கிறது.

ஒன்று: "எங்களுக்கு என்னாங்கையா தெரியும்? நாங்க படிக்காத ஆளுங்க. புள்ளைங்களுக்குப் போய் நாங்க என்னத்த சொல்லிக் குடுக்குறது?"

மற்றது: "மண்ணு கிண்டவா புள்ளைய பள்ளிக்கொடத்துக்கு அனுப்புறோம்? நாங்க பட்டது போதுங்கையா. அதுங்களாவது பேனா புடிக்கட்டும்."

முதல் பதில் அடக்கத்தில் வருவது. இரண்டாவது பதில் பட்ட அனுபவத்தில் வருவது. இரண்டுக்கும் மறுமொழி சொல்லாமல் இந்தப் பாடத்தைத் தொடங்கக் கூடாது.

உங்களுக்குத் தெரிந்தது கொஞ்சமல்ல

முதலில், "எங்களுக்கு என்னா தெரியும்" என்பதைப் பார்ப்போம்.

பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு தாய் கொழுந்து எடுக்கிறார். பக்கத்துப் பக்கத்துச் செடிகளிலேயே ஒன்றில் இலை பெரிது, மற்றதில் சிறிது. ஒன்று வெளிர்ப் பச்சை, மற்றது கரும்பச்சை. வீ.பி. மலைக்குப் போனால் எல்லாச் செடியும் ஒன்று போல இருக்கின்றன. இந்த வித்தியாசம் அந்தத் தாய்க்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். விதையில் வந்த செடி தாய் பாதி, தகப்பன் பாதி. ஆகவே ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கிளை வெட்டி நட்ட செடியோ தாய்ச் செடியின் அச்சு அசல். டி.ஆர்.ஐ. 2025 என்ற இனத்தின் கன்றுகள் எந்த மலையில் நின்றாலும் ஒரே குணத்தோடு நிற்பது இதனால்தான். பிள்ளைகள் மேல் வகுப்பில் பரம்பரை இயல்பு என்று படிப்பது இதைத்தான்.

கொழுந்து எடுத்தால் ஏன் செடி பக்கத்தில் பரந்து தழைக்கிறது? நுனி மொட்டு இருக்கும்வரை பக்க மொட்டுகளை அது அடக்கி வைத்திருக்கும். நுனியை எடுத்துவிட்டால் பக்க மொட்டுகள் விழித்துக்கொள்ளும். தேயிலையை எடுக்காமலும் வெட்டாமலும் விட்டால் அது மரமாகிவிடும் என்பதும், வெள்ளைப் பூப் பூத்துக் காய்க்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பட்டணத்தில் தேநீர் குடிக்கும் பலருக்கு அது தெரியாது.

கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி மருந்து தடவிப் பார்ப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அந்த மருந்து அயடீன். வேரில் மாப்பொருள் இருந்தால் அது கருநீலமாக மாறும். வேரில் சேமிப்பு இருந்தால்தான் இலையெல்லாம் இழந்த செடி மறுபடி துளிர்க்கும். சேமிப்புக் குறைவாக இருக்கும்போது கவ்வாத்து வெட்டினால் செடி பட்டுப்போகலாம். இதே அயடீன் சோதனையை விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் இலையை வைத்துச் செய்கிறார்கள். உங்கள் மலையில் நடப்பதும் அவர்கள் வகுப்பில் நடப்பதும் ஒரே பாடம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

ஒரு தோட்டத்தில் கன்று நாற்றுமேடையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு தாயார் தரம் 5 பிள்ளைகளுக்குக் கிளை நடுவதைக் காட்டினார். ஒரு இலையும் அதனோடு ஒன்றரை அங்குலம் அளவு தண்டும் மாத்திரம் வைத்து வெட்டினார். "ஏன் அம்மாயி ஒரு எல மட்டும்? நாலு எல இருந்தா சீக்கிரம் வளராதா?" என்று ஒரு பையன் கேட்டான். அவர் சொன்னார்: "வேரே இல்லாத புள்ளடா இது. நாலு எலைக்கும் தண்ணிய யாரு குடிச்சுக் குடுக்குறது? ஒரு எல சமைச்சுப் போடும். அது போதும். வேர் வந்த பொறவு எத்தன எல வேணுமுன்னாலும் அதுவே போட்டுக்கும்." பின்னால் நின்ற ஆசிரியை கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினார்: ஆவியுயிர்ப்பு, ஒளித்தொகுப்பு. இலையின் வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போவது முதலாவது. இலை வெயிலில் உணவு செய்வது இரண்டாவது. பையன் இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டான். அந்தத் தாயாருக்கு அந்தச் சொற்கள் இரண்டும் புதிது. ஆனால் பொருள் அவர் கையில் இருபது வருஷமாக இருந்தது.

இதுதான் நாம் சொல்ல வந்த விஷயம். சொல் ஆசிரியரிடம் இருக்கிறது. பொருள் உங்களிடம் இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

"நாங்க பட்டது போதும்"

இப்போது இரண்டாவது பதிலுக்கு வருவோம். இதைச் சொல்லும் பெற்றோரை நாம் குறை சொல்லவில்லை. 1823ஆம் ஆண்டு கோப்பிப் பயிருக்காக நமது மூதாதையர் இந்த மலைகளுக்கு வரத் தொடங்கினார்கள். அதற்கு இருநூறு வருஷம் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார் என்று புத்தகத்தில் இருக்கிறது. குழி வெட்டிய கைகளின் பெயர் புத்தகத்தில் இல்லை. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கியதே 1977இல்தான். அதற்கு முன் எத்தனையோ பிள்ளைகள் நாலு எழுத்துப் படித்ததும் மலைக்குப் போனார்கள். ஆகவே பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் கையில் மம்பட்டியைக் கண்டால் தாய்க்கு மனம் பதறுவது நியாயந்தான்.

ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பிள்ளையின் கையில் மம்பட்டி மாத்திரம் இருந்தால் அது வேலை. மம்பட்டியோடு கொப்பியும் இருந்தால் அது பாடம். ஏன், எதனால், எவ்வளவு, எத்தனை நாளில் என்று கேட்டு எழுதி அளந்து பார்க்கும் பிள்ளை தொழிலாளியாகப் பழகவில்லை. விஞ்ஞானியாகப் பழகுகிறது.

இந்தப் படிப்புக்கு மேலே படியும் இருக்கிறது. ஆரம்பப் பிரிவில் "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என்ற பாடம். சாதாரண தரத்தில் விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும். உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம். அதற்கும் மேலே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம். 1925ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில், நமது வாசலிலேயே இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி உத்தியோகத்தராக நமது பிள்ளை போய் உட்காருவதற்கும் முதல் படி ஒரு போஞ்சி விதையாக இருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது நூற்றுக்கு 32 பேர். இது ஒரு பாடசாலைத் தோட்டத்தால் மாத்திரம் தீர்ந்துபோகும் காரியமல்ல. சம்பளம், தண்ணீர், தாயின் ஆரோக்கியம் எல்லாம் இதில் சேர்ந்திருக்கின்றன. என்றாலும் கீரையும் போஞ்சியும் தன் கையால் வளர்த்த பிள்ளை அதைத் தட்டில் ஒதுக்கி வைக்காது. வீட்டுக்கு வந்து, "அம்மா, நம்ம லயத்துக்குப் பின்னாலயும் ஒரு பாத்தி போடுவோம்" என்று சொல்லும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கடையில் மரக்கறி விலை கேட்டுத் திரும்பி வந்த நாட்களை நாம் மறக்கவில்லை.

யார் வரலாம்?

ஓய்வுபெற்ற கங்காணிமார், கவ்வாத்து வெட்டியவர்கள், நாற்றுமேடையில் வேலை செய்தவர்கள், வீட்டுத் தோட்டம் நன்றாகச் செய்யும் தாய்மார், சாதாரண தரம், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் இளைஞர் யுவதிகள் எல்லோரும் வரலாம். எழுத்து வாசனை இல்லை என்பது தடையல்ல. ஒரு பெரியவரும் ஒரு இளையவரும் சோடியாகப் போவது மிக நல்லது. பெரியவர் காட்டுவார், இளையவர் எழுத உதவுவார். ஒரு வகுப்புக்கு மூன்று நான்கு பேர் இருந்தால் எட்டுப் பத்துப் பிள்ளைகளைக் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

போவதற்கு முன் அதிபரைச் சந்தித்து அனுமதி பெற வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பேச வேண்டும். எந்த நாள், எந்த நேரம், எந்த வகுப்பு, பொறுப்பாசிரியர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பிரதேசத்து விவசாயப் போதனாசிரியரையும் ஒரு முறை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் ஆலோசனை கேட்கலாம்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

பல பாடசாலைத் தோட்டங்கள் முதல் தவணையிலேயே சோர்ந்து போவதற்கு ஒரு காரணம் உண்டு. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. மண்ணின் புளிப்பை அளக்கும் பீ.எச். அளவில் 4.5 முதல் 5.5 வரை அதற்கு ஏற்றது. கரட், போஞ்சி, கோவா போன்றவற்றுக்கு 6 அளவில் இருக்க வேண்டும். தேயிலை நின்ற மண்ணில் நேரே கரட் விதையைப் போட்டால் முளைத்து வந்து மஞ்சளடித்து நின்றுவிடும். பிள்ளைகளோ "எங்க கையி ராசியில்ல" என்று விட்டுவிடும். கையில் ஒன்றுமில்லை, மண்ணில்தான் இருக்கிறது.

ஆகவே விதைப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே பாத்தியில் டொலமைட் தூவி நன்றாகக் கலந்துவிட வேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு கைப்பிடி அளவு போதும். மண்ணுக்கு மண் இது மாறும், போதனாசிரியரைக் கேட்டுச் செய்வது உத்தமம். டொலமைட் தூள் கண்ணிலும் மூக்கிலும் படாமல் பெரியவர்களே தூவ வேண்டும். சுத்தமான விறகு அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும். ஆனால் அதிகம் போடக் கூடாது.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அழகான ஒரு வழி இருக்கிறது. பங்களாக்களின் வேலியோரம் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்திருப்பீர்கள். புளிப்பு மண்ணில் அது நீலமாகப் பூக்கும். புளிப்புக் குறைந்த மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். வெள்ளை இனம் மாத்திரம் மாறுவதில்லை. நமது மலைகளில் ஏன் நீலமே அதிகம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். விடையை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பாத்தி மூன்று அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று பிள்ளையின் கை நடுவரை எட்ட வேண்டும். சரிவான இடத்தில் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகவே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் முதல் மழையில் மண் கானுக்குள் போய்விடும்.

ஒரு தவணைக்கான பாடம்

ஒரு தவணைக்குள் விதைத்து அறுக்கக் கூடிய பயிரையே எடுங்கள். விடுமுறையில் வாடிப்போகும் பயிர் பிள்ளையின் மனதையும் வாட்டிவிடும். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை போன்ற உயர்ந்த பகுதிகளில் முள்ளங்கி, சலாது, போஞ்சி நல்லது. இரத்தினபுரி, கேகாலை, காலிப் பக்கத்துத் தோட்டங்களில் கீரை, வெண்டி, பயற்றை நல்லது. மழைக் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலை மாதங்களில் மழை கடுமை. ஊவாப் பக்கம் வருஷக் கடைசியில் கடுமை. நுவரெலியாவில் தை மாதப் பனியில் இளம் பயிர் கருகும்.

1ஆம் கிழமை – பார்த்தல். பாடசாலையைச் சுற்றி நடந்து பத்துச் செடிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நாம் வீட்டில் சொல்லும் பெயர், புத்தகத்தில் உள்ள பெயர், சிங்களப் பெயர் மூன்றையும் எழுதச் செய்யுங்கள். அது எங்கிருந்து வந்தது என்றும் பேசுங்கள். தேயிலை சீனாவிலும் அசாமிலும் இருந்து வந்தது. உருளைக்கிழங்கு, மிளகாய், தக்காளி, சவுச்சவு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. சவுக்கு என்று நாம் சொல்லும் நிழல் மரம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எங்கிருந்தோ வந்து இந்த மண்ணில் வேர் பிடித்துப் பலன் கொடுப்பவை எத்தனை என்று பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

2ஆம் கிழமை – மண். கண்ணாடிப் போத்தலில் பாதி மண்ணும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். அடியில் மணல், அதற்கு மேல் வண்டல், அதற்கும் மேல் களி என்று படியும். இலைத் துணுக்கு மிதக்கும். பிள்ளைகள் அடிமட்டத்தால் ஒவ்வொரு படையையும் அளக்க வேண்டும். களி தெளிய நேரமெடுக்கும், அடுத்த நாளும் பார்க்கச் சொல்லுங்கள். இதே கிழமை டொலமைட் போடுங்கள். ஒரு மூலையில் கூட்டெருக் குவியலையும் தொடங்குங்கள்.

3ஆம் கிழமை – விதை. போத்தலின் உட்பக்கம் ஈரக் கடதாசியை ஒட்டி, கண்ணாடிக்கும் கடதாசிக்கும் நடுவே போஞ்சி விதையை வையுங்கள். இன்னொரு போத்தலில் ஈரமில்லாமல் வையுங்கள். முதலில் வருவது வேரா, இலையா? விதையைத் தலைகீழாக வைத்தால் வேர் எந்தப் பக்கம் போகிறது? பதிலைச் சொல்லிவிடாதீர்கள். காத்திருந்து பார்க்கட்டும்.

4ஆம் கிழமை – விதைத்தல். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு இடமும் பெயர்க் குச்சியும் கொடுங்கள். பொதுப் பாத்தியை யாரும் பார்ப்பதில்லை. தன் பெயர் உள்ள இடத்தைப் பிள்ளை இடைவேளையிலும் ஓடிப்போய்ப் பார்க்கும்.

5, 6ஆம் கிழமைகள் – எண்ணுதல். இருபது விதை போட்டதில் பதினாறு முளைத்தால் நூற்றுக்கு எத்தனை? இது கணிதம். ஒவ்வொரு கிழமையும் உயரத்தை அளந்து, இலையை எண்ணி, திகதி போட்டு எழுதுவது விஞ்ஞானம். நெருக்கமாக முளைத்ததைக் களைந்து விடுவதற்குப் பிள்ளைகள் மனம் வராமல் நிற்பார்கள். ஒரு பாதியைக் களைந்தும் மறு பாதியைக் களையாமலும் விட்டு, கடைசியில் முள்ளங்கியின் பருமனை ஒப்பிடச் சொல்லுங்கள்.

7ஆம் கிழமை – மழையும் மண்ணும். இரண்டு தட்டுகளைச் சரிவாக வையுங்கள். ஒன்றில் வெறும் மண், மற்றதில் புல் முளைத்த மண். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் ஊற்றி, வழியும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தேயிலை பிடுங்கிய மலையில் மானாப்புல்லும் குவாத்தமாலாப் புல்லும் ஏன் போடுகிறோம், கான் ஏன் வெட்டுகிறோம் என்பதை இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். தகப்பனார் மழையில் நனைந்து வெட்டும் கான் மலையையே காக்கிறது என்பது அன்றைக்குத்தான் பல பிள்ளைகளுக்குத் தெரியவரும்.

8ஆம் கிழமை – நாற்றுமேடை. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, ஆசிரியரோடு அழைத்துப் போங்கள். கிளை வெட்டுவது, பொலித்தீன் பையில் நடுவது, நிழலும் ஈரமும் காப்பது ஆகியவற்றைக் காட்டுங்கள். இன்று நடும் கிளை மலைக்குப் போக ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் ஆகும் என்றும் சொல்லுங்கள்.

9ஆம் கிழமை – பூச்சிகள். எல்லாப் பூச்சியும் எதிரியல்ல. தேனீ இல்லாவிட்டால் பல காய் பிடிக்காது. புள்ளி வண்டு அசுவினியைத் தின்னும். மண்புழு உழவன். தின்னும் பூச்சியைக் கையால் பொறுக்கப் பழக்குங்கள்.

10, 11ஆம் கிழமைகள் – முள்ளங்கி அறுவடை. நிறுத்து எழுதுங்கள். கூட்டெருக் குவியலைக் கிளறிப் பார்த்து, எது மக்கியது, எது மக்கவில்லை என்று பட்டியல் போடுங்கள். ரொபித் தாளும் பொலித்தீனும் போட்டபடியே கிடக்கும்.

12ஆம் கிழமை – பெற்றோர் நாள். போஞ்சி காய் பிடித்திருக்கும். பெற்றோரை அழையுங்கள். அன்றைக்கு ஆசிரியரும் நீங்களும் பேச வேண்டாம். பிள்ளைகள் கொப்பியைத் திறந்து வாசித்துக் காட்டட்டும்.

சொல்லிக் கொடுக்கும் முறை

சொல்வதற்கு முன் கேளுங்கள். "இந்தச் செடி ஏன் வாடியிருக்கு? நீ என்னா நெனைக்கிற?" என்று தொடங்குங்கள். பிழையான பதிலுக்குச் சிரிக்க வேண்டாம். பயிர் பட்டுப்போனால் திட்ட வேண்டாம். ஏன் பட்டுப்போனது என்பதே அன்றைய பாடம். உங்களுக்கு விடை தெரியாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால், "தெரியாது, ரெண்டு பேரும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது.

நமது சொற்களை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மம்பட்டி என்று நீங்கள் சொன்னால் மண்வெட்டி என்று ஆசிரியர் எழுதட்டும். கவ்வாத்து என்றால் கத்தரித்தல், கானு என்றால் வடிகால். பிள்ளைக்கு இரண்டும் தெரியட்டும். பரீட்சையில் ஒன்று வரும், வாழ்க்கையில் மற்றது வரும்.

ஆண்பிள்ளைக்கு மம்பட்டி, பெண்பிள்ளைக்கு விளக்குமாறு என்று பிரிக்க வேண்டாம். எல்லாரும் எல்லாம் செய்யட்டும்.

கவனிக்க வேண்டியவை

* ஒரு வளர்ந்தவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. பொறுப்பாசிரியர் எப்போதும் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு தீங்கு நடந்ததாகத் தெரிந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.
* பூச்சிமருந்து, களைநாசினி எதையும் பாடசாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். மருந்து வந்த வெறும் கேனில் தண்ணீர் அள்ளவே கூடாது. கழுவினாலும் நஞ்சு முழுவதும் போகாது. மருந்து அடித்த மலைக்குக் கீழே வரும் கான் தண்ணீரையும் பாத்திக்கு ஊற்ற வேண்டாம்.
* தொடங்குவதற்கு முன் மரங்களிலும் கூரையோரத்திலும் குளவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கு வகுப்பு வேறிடத்தில் நடக்கட்டும். கூட்டுக்குக் கல்லெறியும் விளையாட்டு உயிருக்கு ஆபத்து.
* ஊமத்தை, அலரி, ஆமணக்கு விதை, கார்த்திகைப்பூக் கிழங்கு, நாயுண்ணிக் காய் ஆகியவற்றைக் காட்டி, வாயில் வைக்கக் கூடாதவை என்று முதல் நாளே சொல்லுங்கள்.
* சரிவை வெட்டி இடம் எடுக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை நாம் மறக்க முடியாது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் பிள்ளைகளை அங்கிருந்து அகற்றி உடனே அறிவியுங்கள்.
* சிறிய கைக்குச் சிறிய ஆயுதம். வேலை முடிந்ததும் எண்ணி வாங்கி வையுங்கள். கை கால் கழுவாமல் எந்தப் பிள்ளையும் வகுப்புக்குப் போகக் கூடாது.
* ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். தண்டனையாகத் தோட்ட வேலை கொடுக்க இடமளிக்க வேண்டாம். தண்டனையாகச் செய்யும் வேலையை எந்தப் பிள்ளையும் விரும்பாது.

விளைச்சல் யாருக்கு?

இதைத் தொடங்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். பிள்ளைகள் வளர்த்தது பிள்ளைகளுக்கே. பகல் உணவு சமைக்கும் பாடசாலையில் அதில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் பங்கு போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். கொஞ்சம் விற்றால் அந்தப் பணத்தை விதைக்கும் கொப்பிக்கும் வைத்து, கணக்கைப் பிள்ளைகளே எழுதட்டும். ஒரு கட்டு முள்ளங்கி பெரியவர் ஒருவரின் வீட்டுக்குப் போய்விட்டது என்ற பேச்சு வந்தால் போதும், நல்ல முயற்சி அதோடு நின்றுவிடும்.

மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. நமது டிவிசனில் செடி கொடி பற்றி அதிகம் தெரிந்த ஐந்து பேர் யார்? அவர்களுக்குத் தெரிந்ததை யாராவது எழுதி வைத்திருக்கிறோமா?
2. நம் பிள்ளைக்குத் தன் தாய் மலையில் என்ன செய்கிறார் என்று தெரியுமா? அதில் உள்ள விஷயம் தெரியுமா?
3. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் யாருக்கு ஒதுக்க முடியும்? எந்த நாள்?
4. பாடசாலைத் தோட்டம் பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடாமல் யார் பார்த்துக்கொள்வது?

பேசி முடித்ததும் பெயர்களை ஒரு தாளில் எழுதி அதிபரிடம் கொடுங்கள். உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். கூடவே வந்து அதிபரிடம் பேச நாங்கள் தயார்.

பெரியவர்களே, இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போகும் காலம் இது. போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் உங்கள் கையில் இருக்கும் படிப்பு உங்களோடு முடிந்துவிடக் கூடாது. அது வெறும் கூலி வேலை என்று பிள்ளைகள் நினைத்து வளர்வதும் கூடாது. அடுத்த தவணை தொடங்கும் முதற் கிழமையே ஒரு போத்தல், ஒரு பிடி போஞ்சி விதை, ஒரு மம்பட்டி எடுத்துக்கொண்டு போங்கள். கொப்பியைப் பிள்ளை கொண்டுவரும்.